ஒரே அளவில் இரண்டு அங்கி

சுபானு வருஷம், பங்குனி 1, புதன்

மணலோடை சமஸ்தானத்தின் பதினோராவது ராஜாவாகிய திருமலைக்கொழுந்து என்னும் நான் இன்று முதல் தினமும் எழுதுகிறேன். விரும்பி எழுதவில்லை. சமஸ்தானத்தைக் கண்காணிக்கும் வெள்ளைக்கார ரெசிடெண்டு துரை கடிதம் போட்டிருக்கிறார். போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று எங்கள் ராஜவீதியில் கல் பறந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அடித்துக்கொண்டதில் ஒன்பது மண்டை உடைந்தது. பத்தாவது மண்டை, சமாதானம் சொல்லப் போன என் பிரதானி சங்குமுத்துப் பிள்ளையுடையது. இந்த வருஷமும் ஒரு கல் பறந்தால் ஆட்சியை என்னிடமிருந்து எடுத்து மானேஜர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைச் சென்னைப் பட்டணத்தில் ஏதோ ஒரு பங்களாவில் உட்கார்த்தி வைத்துவிடுவாராம். சமாதானத்துக்காக நான் செய்வதையெல்லாம் தினசரி எழுதி அனுப்பவும் வேண்டுமாம்.

ஆகவே நாட்குறிப்பு இரண்டு. துரைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இது எனக்கு.

பெரிய வெள்ளி வருவது பங்குனி 31. முப்பது நாள் இருக்கிறது. பயமாக இருக்கிறது. துரையின் நாட்குறிப்பில் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று எழுதினேன்.

பங்குனி 2, வியாழன்

வழக்கு என்னவென்று எனக்கே ஒருமுறை தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

ராஜவீதியின் மேற்குக் கோடியில் கத்தோலிக்கர் கோயில். அங்கே குரு அருளப்ப சாமி. கிழக்குக் கோடியில் புராட்டஸ்டண்டு கோயில், அதை ஒட்டி அவர்கள் பள்ளிக்கூடம். அங்கே ஞானாபரணம் ஐயர். அவர்கள் தங்கள் குருவை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை ஐயர் ஏழு பிரசங்கம் செய்வார். ஊசி விழுந்தால் கேட்கும். அதே வேளையில் அருளப்ப சாமியின் ஜனங்கள் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் சிலையை, சப்பரத்தில் வைத்துத் தோளில் சுமந்து, மாரடித்து அழுதுகொண்டு வீதியில் வருவார்கள். வந்து, ஐயர் கோயில் வாசலில் நிற்கும் பூவரசு நிழலில் இறக்கி வைத்து, ஒரு நாழிகை ஒப்பாரி. அது அறுபது வருஷத்து வழக்கம். ஐயர் கோயில் கட்டி இருபது வருஷம்தான் ஆகிறது.

போன வருஷம் ஐந்தாவது பிரசங்கத்தின்போது ஒப்பாரி தொடங்கியது. ஆறாவது பிரசங்கம் நடக்கவில்லை.

இத்தனைக்கும் பாதிப் பேர் ஒரே குடும்பம். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. ஒன்பது மண்டையில் நாலு மண்டை மைத்துனன் உடைத்தது.

பங்குனி 3, வெள்ளி

ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறவன் அல்ல நான். இரு கோயிலுக்கும் சமமாக அரண்மனை மரியாதை அனுப்பினேன். ஆளுக்கு ஆறு கொழுத்த கிடா. ஆளுக்கு ஒரு பட்டுக்குடை. ஆளுக்கு ஒரு ஆளுயர ரோஜா மாலை. முன்னால் நாயனமும் தவிலும்.

ராணி சௌந்தர நாச்சியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னைக்கா அனுப்புதிய? வெள்ளிக்கிழமையிலயா?" என்று கேட்டாள். நல்ல காரியத்துக்கு நாள் என்ன என்றேன்.

மாலை

நாள் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு இது தவக்காலமாம். வெள்ளிக்கிழமையில் மாமிச வாடையே ஆகாதாம். பதினாலு இடத்தில் நின்று நின்று சொல்கிற சிலுவைப்பாதை செபம் நடக்கும்போது ஆறு கிடாவும் கோயில் வாசலில் நின்று கத்தியிருக்கின்றன. "பதினாலு ஸ்தலத்துக்கும் ஆடுதான் பதில் சொல்லுச்சு" என்று அருளப்ப சாமி ஆள் விட்டிருக்கிறார்.

கிழக்கே வேறு கதை. அங்கே கிடாவை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். மாலைதான் வினையாகிவிட்டது. ஞானாபரணம் ஐயர் நேரிலேயே வந்தார். ஒல்லியான மனிதர், ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார். "எங்க கோயில்ல மாலை போட ஒரு உருவமும் கிடையாது, மகாராசா. மேளக்காரங்க சுத்திச் சுத்திப் பாத்துட்டுக் கடைசியில ஆர்மோனியப் பெட்டிக்குப் போட்டுட்டாக. அதுக்கு முன்னால நின்னு நாயனமும் வாசிச்சாக. சபையில ரெண்டு பேர் சிரிச்சிட்டாங்க. அந்த ரெண்டு பேரையும் நான் விசாரிக்கணும்."

சமமாகத்தான் செய்தேன். இரண்டு பக்கமும் சமமாகக் கோபம்.

பங்குனி 4, சனி

ராணி இன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பங்குனி 8, புதன்

நாலு நாளாக நானும் சங்குமுத்துப் பிள்ளையும் நேர அட்டவணை போட்டோம். மொத்தம் பதினாலு. ஊர்வலம் காலையில், பிரசங்கம் பிற்பகலில். பிரசங்கம் காலையில், ஊர்வலம் பிற்பகலில். இரண்டையும் பாதி பாதியாக. எதை அனுப்பினாலும் "அப்ப அவுகளுக்கு முதல் மரியாதையா?" என்றே திரும்பி வருகிறது. பதினாலாவதில் இருவருமே முதலில் என்று போட்டுப் பார்த்தேன். அதுதான் போன வருஷம் நடந்தது என்று பிள்ளை நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

பங்குனி 9, வியாழன்

பல் துலக்கும்போது ஒரு யோசனை வந்தது. எழுதவே கை பரபரக்கிறது.

அருளப்ப சாமியைத் தனியாக வரவழைத்தேன். பெரிய சரீரம், பெரிய குரல். ரகசியம் பேசினால்கூடக் குதிரை லாயம் வரை கேட்கும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, "சாமி, உங்க வழிமேலதான் என் மனசு சாயுது. பெரிய வெள்ளி தாண்டி வார பாஸ்குத் திருநாள் வரைக்கும் ஒரு கல்லும் பறக்காம இருந்தா, மேற்கொண்டு பேசலாம். அதுவரை ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது" என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. "மகாராசா ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேருதியளா" என்றார்.

சேருகிறேன் என்று நான் சொல்லவில்லை. மனசு சாய்கிறது என்றுதான் சொன்னேன். மனசு எனக்கு நிறைய விஷயங்களின்மேல் சாயும்.

பங்குனி 10, வெள்ளி

ஞானாபரணம் ஐயரைத் தனியாக வரவழைத்தேன். அதே ஜன்னல், அதே சொற்கள். அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, "நான் இருபது வருஷமா ஜெபிச்சது இது" என்றார். எனக்குக் கொஞ்சம் ஒருமாதிரியாக இருந்தது. சாயங்காலப் பலகாரம் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

பங்குனி 14, செவ்வாய்

என் ராஜதந்திரம் வேலை செய்கிறது. வீதியில் சச்சரவே இல்லை. நேற்றுக் கத்தோலிக்கன் ஒருவனுடைய மாடு ஐயர் தோட்டத்தில் மேய்ந்ததற்கு, "பரவாயில்லவே, ரெண்டு வாய் திங்கட்டும்" என்றார்களாம். மணலோடையில் இப்படி ஒரு வாக்கியம் இதற்குமுன் உச்சரிக்கப்பட்டதில்லை. துரையின் நாட்குறிப்பில் நாலு பக்கம் எழுதினேன்.

ஒரே ஒரு சங்கடம். காலையில் அருளப்ப சாமி வைத்தியம் பார்க்கிற சாக்கில் வந்து எனக்குச் செப மந்திரம் கற்றுக்கொடுக்கிறார். மாலையில் ஐயர் இங்கிலீஷ் பாடம் என்ற சாக்கில் வந்து வேதவசனம் கற்றுக்கொடுக்கிறார். இன்று மாலை வாய் தவறி, காலைப் பாடத்திலிருந்து "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துவிட்டேன். உடனே இருமினேன். ஐயர் பதறிப்போய் சுக்குக் கஷாயம் போடச் சொன்னார். நாலு நாழிகை இரும வேண்டியதாயிற்று.

பங்குனி 18, சனி

ராணிக்குத் தெரிந்துவிட்டது. குதிரை லாயத்துக்குக் கேட்டது அந்தப்புரத்துக்குக் கேட்காமல் இருக்குமா?

"ரெண்டு பெரிய மனுசங்க. ரெண்டு பேருமே உங்களை நம்பி ராத்தூக்கம் இல்லாம கெடக்காக. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"நாச்சியார், இது பொய்யில்ல. ராஜதந்திரம்."

"ராஜதந்திரம்னா ராத்திரி ஏன் புலம்புதிய?"

ராஜ்யம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மானேஜர் வந்தால் என் சிம்மாசனத்தில் உட்காரமாட்டான், அதன்மேல் கோப்புகளை அடுக்குவான் என்றும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். பிறகு, "அந்தத் துரைக்கு என்னதான் வேணுமாம்? கல்லு பறக்கப்படாது, அம்புட்டுத்தானே?" என்று கேட்டாள். அம்புட்டுத்தான் என்றேன். வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி 22, புதன்

தையற்காரர் மீராசா வந்தார். என் உடம்புக்கு முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவர். வயிற்றளவை யாருக்கும் சொல்லாத நாணயஸ்தர்.

"மகாராசா, ரெண்டு வெள்ளை அங்கிக்கு ஆர்டர் வந்திருக்கு. சாமியார் வீட்டுல ஒண்ணு, ஐயர் வீட்டுல ஒண்ணு. ரெண்டு பேரும் பேர் சொல்லல. அளவு மட்டும் குறிச்சுக் குடுத்தாக. ரெண்டும் ஒரே அளவு." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார்: "அந்த இடுப்பு இந்தச் சீமையிலேயே ஒருத்தருக்குத்தான் இருக்கு."

ஞானஸ்நான அங்கி. வேதத்தில் சேருகிறவருக்கு உடுத்துவது. மெதுவாகத் தையுங்கள், பாஸ்கு முடிந்தபிறகு கொடுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். போகும்போது ராணி அவரைக் கூப்பிட்டு ரவிக்கை தைக்க வேண்டும் என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

பங்குனி 26, குருத்தோலை ஞாயிறு

தொலைந்தேன்.

இரு கோயில் ஜனங்களும் குருத்தோலை பிடித்துக்கொண்டு வீதியில் வந்தார்கள். ஓலைகூட இரண்டு பக்கமும் ஒரே தோப்பில் வெட்டியது. எல்லாம் அழகாக நடந்தது. மீராசா மட்டும் வீதியின் நட்டநடுவில் இரண்டு மூட்டையோடு நின்றிருக்கிறார். சாமியார் வீட்டுக் கோயில்பிள்ளை என்னும் பணியாளிடம் ஒன்று, ஐயர் வீட்டுக் கோயில்பிள்ளையிடம் ஒன்று, ஒரே நேரத்தில் கொடுத்திருக்கிறார். ஏன் இன்றே கொடுத்தீர் என்று கேட்டால், "சீக்கிரம் வேணும்னு அரண்மனையிலருந்து உத்தரவு வந்துச்சே" என்கிறார். நான் அப்படி உத்தரவே போடவில்லை.

கோயில்பிள்ளைகள் மூட்டையைப் பிரித்து அங்கிகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒன்றில் நாலு ஆள் புகலாம். மற்றதிலும் நாலு ஆள் புகலாம். ஊர் முழுக்க அங்கியைப் பார்த்தது; பிறகு ஒன்றாகத் திரும்பி அரண்மனையைப் பார்த்தது. நான் அப்போது உப்பரிகையில் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

பங்குனி 27, திங்கள்

இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஒரே வாசல் வழியாக, ஒரே நேரத்தில். மணலோடை சரித்திரத்தில் இது முதல் தடவை. அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க எனக்குத் தோதில்லை.

"நீங்க வேதத்துல சேரப்போறியன்னு எங்க மேலிடத்து ஆயருக்கே கடுதாசி எழுதிட்டேன்" என்றார் அருளப்ப சாமி. அவர் குரல் இன்று லாயம் வரைகூடக் கேட்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"நான் எழுதல. ஆனா என் வீட்டுல சொல்லிட்டேன்" என்றார் ஐயர். "அவ அழுதா. சந்தோஷத்துல."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தொண்டை வரை வந்தது. அதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஐயர் வாசற்படியில் தடுமாறினார். சாமி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வெட்கமாக இருக்கிறது. துரையின் நாட்குறிப்பில் 'இன்று மழை இல்லை' என்று மட்டும் எழுதினேன்.

பங்குனி 28, செவ்வாய்

இருவரும் ஊரில் இல்லை. துரையின் முகாமுக்குப் போயிருக்கிறார்களாம், என்னைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கச் சொல்லி மனுக் கொடுக்க. ராணியின் வில்வண்டியும் காணவில்லை. அச்சு முறிந்து ஆசாரி வீட்டில் கிடக்கிறது என்கிறாள்.

பங்குனி 29, புதன்

பெட்டியில் துணி அடுக்கினேன். பட்டணத்தில் வெயில் அதிகம் என்கிறார்கள்.

பங்குனி 30, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் துரை குதிரையில் வந்தார். பின்னால் ராணியின் வில்வண்டி. அச்சு நன்றாகவே இருந்தது. அதிலிருந்து சாமியும் ஐயரும் இறங்கினார்கள். பெரிய சரீரம் ஒரு பக்கம், ஒல்லி உடம்பு மறு பக்கம் என்று இரண்டு நாள் பயணம் செய்ததில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது.

கொலுமண்டபத்தில் துரை மனுவை எடுத்தார். துரை தமிழைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம்போலவே பேசுவார். "இதைப் படியுங்கள்" என்று என்னிடமே நீட்டினார். 'மணலோடையின் இரு சபையாரும் ஒருமனப்பட்டு எழுதிக்கொண்ட விண்ணப்பம். எங்கள் ராஜா எங்கள் இருவரிடமும் பொய் சொன்னார்' என்று ஆரம்பித்தது. கீழே இருவர் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அது யார் கை என்று எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

"இது உண்மையா?" என்று துரை கேட்டார்.

பதினாலு பதில் மனசில் அட்டவணைபோல் வந்து நின்றன. எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஐயர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மை" என்றேன். "ராஜ்யம் போயிருமோங்கிற பயத்துல சொன்னேன். ரெண்டு பேரும் எனக்காக ஜெபம் பண்ணுன பெரியவங்க. நான் செஞ்சது தப்பு. அவங்க முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

துரை தாடியைச் சொறிந்தார்.

"மிக்க வருத்தம். அப்படியானால் மானேஜரை அனுப்புகிறேன். என் ஆபீசில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் ஐரிஷ்காரர், கத்தோலிக்கர். மிக நேர்மையானவர், தினமும் பூசை காணாமல் உணவு உண்ணமாட்டார்."

ஐயரின் முகம் மாறியது. "இன்னொருத்தர் யாருங்க?" என்று கேட்டார்.

"இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர். அவரும் நேர்மையானவர். வேதத்தைத் தவிர வேறு எதையும் மதியார். சுரூபங்களை வீதியில் கொண்டுபோவது அவருக்கு ஆகாது."

இப்போது சாமியின் முகம் மாறியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஒரு நிமிசம் பொறுக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தூண் பக்கம் ஒதுங்கினார்கள். சாமி ரகசியமாகத்தான் பேசினார். ஆகையால் எல்லோருக்கும் கேட்டது. "ஐயரே, உம்ம ஆளு வந்தா என் சப்பரம் போச்சு. என் ஆளு வந்தா உம்ம பள்ளிக்கூடம் போச்சு. இந்த மனுசன் நம்ம ரெண்டு பேர் ஆளும் இல்லல்லா?"

திரும்பி வந்தார்கள். "மனுவைத் திருப்பி வாங்கிக்கிடுதோம்" என்றார் ஐயர்.

துரைக்குப் புரியவில்லை. "அவர் உங்களிடம் பொய் சொன்னார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?"

"சொன்னாரு. அதை மறக்கமாட்டோம்" என்றார் அருளப்ப சாமி. "ஆனா துரைகளே, ரெண்டு பேருக்கும் ஒரே அளவாச் சொன்னாரு. எனக்கு ஒரு சொட்டுக் கூடவும் இல்ல, அவருக்கு ஒரு சொட்டுக் குறைவும் இல்ல. அப்படி ஒரு ராசா எங்களுக்கு இனிமே எங்க கிடைப்பாரு?"

"பெரிய வெள்ளி ஊர்வலம்?" என்று துரை கேட்டார்.

அதை வண்டியிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். மூன்று மணிக்குப் பிரசங்கம் முடியும். முடிந்ததும் சுரூபம் பூவரசு நிழலுக்கு வரும். முதல் மரியாதை பற்றிக் கேட்டேன். "வெயில் ஏறுறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணுமேன்னு இருந்துச்சு. அந்தப் பேச்சே வரல" என்றார் ஐயர். எனக்கு வலித்தது. பதினாலு அட்டவணை.

எனக்குத் தண்டனையும் உண்டு. நாளை நண்பகல் முதல் ஏழு பிரசங்கத்தையும் அசையாமல் கேட்க வேண்டும். பிறகு செருப்பில்லாமல் ஊர்வலத்தில் நடக்க வேண்டும். இனி வருஷா வருஷம். துரை சிரித்துக்கொண்டே குதிரை ஏறினார். இரண்டு வருஷமாகத் தன்னால் இந்த இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடியவில்லை என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பது வருஷமாக ராஜாவாக இருக்கிறேன். எதற்காக என்று இன்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

பங்குனி 31, பெரிய வெள்ளி

ஏழு பிரசங்கமும் கேட்டேன். நாலாவதில் கண் சொக்கியது. ஐயர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். ஏழாவது நன்றாக இருந்தது.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. மேற்கேயிருந்து ஒப்பாரி வந்துகொண்டிருந்தது. சங்குமுத்துப் பிள்ளை தலையில் துண்டை நாலு மடிப்பாகக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் வீதியில் கிடந்த கற்களை எண்ணிக்கொண்டுதான் இறங்கினேன். சுரூபத்தை நிழலில் இறக்கி வைத்தார்கள். ஐயரின் சபையார் வாசலிலேயே நின்றார்கள். பிறகு ஒருத்தி உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, சுமந்து வந்தவர்களில் ஒருவனிடம் நீட்டினாள். அவன் அவள் அண்ணன். அப்புறம் எல்லோரும் செம்பு தேடி ஓடினார்கள். போன வருஷம் கல் எடுத்த கைகள் எவையென்று எனக்குத் தெரியும். அதில் நாலு கையிலாவது செம்பைப் பார்த்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர்வலத்தில் எல்லோருமே அழுதுகொண்டிருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பொழுது சாய்வதற்குள் அரண்மனை வந்தேன். இரண்டு காலிலும் கொப்புளம். ராணி விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட்டாள்.

"மனு உன் எழுத்துதானே?" என்று கேட்டேன்.

"அவுக ரெண்டு பேரையும் ஒரே தாளுல கையெழுத்துப் போட வைக்கணும்னா, உங்களைத் திட்டாம வேற எதை எழுத முடியும்? ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து இறங்குறதைத் துரை கண்ணால பாக்கணும்னு நினைச்சேன்."

"அவர் ராஜ்யத்தை எடுத்துட்டுப் போயிருந்தா?"

"போயிருந்தா என்ன, பட்டணத்துல உக்காந்து தேச்சிருப்பேன்" என்றாள். "அந்தக் காலை நீட்டுங்க."

நீட்டினேன்.